என் பெயர் எழுதிய பாட்டில்

4-3-87, புதன்

இன்று ஐந்து தடவை பித்தளை வில்லையை எடுத்தேன். ஐந்தாவது தடவை மேஸ்திரி தங்கசாமி தலையைத் தூக்கிப் பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை, சும்மா பார்ப்பதுதான் பயம்.

எங்கள் ஸ்பின்னிங் பகுதிக்கு இருப்பதே இரண்டு பித்தளை வில்லைகள். மேஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஒன்றுக்குப் போகிறவன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், வந்ததும் ஆணியில் திரும்ப மாட்ட வேண்டும். மற்றவர்கள் ஒரு ஷிப்டுக்கு இரண்டு தடவை போவார்கள். சர்க்கரை வியாதிக்காரனுக்கு அது காணாது. அடக்கினால் அடிவயிறு கடுக்கிறது. அடக்காவிட்டால் வில்லை காட்டிக்கொடுக்கிறது.

எனக்குச் சர்க்கரை என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். எனக்கு, ராமலட்சுமிக்கு, திருச்சுழி டாக்டருக்கு. ஆனால் பக்கத்து மிஷினில் நிற்கும் சௌந்தரபாண்டியன் நான் வில்லையைத் தொடும்போதெல்லாம் என்னையே பார்க்கிறான். நான் திரும்பி வருவதற்குள் என் மிஷினில் அறுந்த இழைகளை அவனே ஒட்டியும் வைத்துவிடுகிறான். யார் அவனைக் கேட்டது? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

6-3-87

இன்றும் பார்த்தான்.

8-3-87, ஞாயிறு

திருச்சுழி போய் மாத்திரை வாங்கி வந்தேன். அருப்புக்கோட்டையில் டாக்டருக்கா பஞ்சம்? இங்கே மருந்துக்கடைப் பையனுக்குத் தெரிந்தால் சாயங்காலம் மில் கேட்டுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் புழுதியும்.

பஸ்ஸில் எங்கள் தெருக்காரர் ஒருவர் எங்கே என்று கேட்டார். கோவிலுக்கு என்றேன். அதற்காகவே திரும்பும்போது பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டேன். மாதம் தவறாமல் திருச்சுழி கோவிலுக்குப் போகிறவன் என்று தெருவில் எனக்கு நல்ல பெயர்.

12-3-87, வியாழன்

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். இப்போது ஆளுக்கு ஒரு மிஷின், அதற்கு இரண்டு பக்கம். ஜூன் முதல் ஆளுக்கு இரண்டு மிஷின், நான்கு பக்கம். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. தகுதி இல்லாதவர்களைக் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்புவார்களாம்.

எனக்கு நாற்பத்து மூன்று. பத்தொன்பது வருட சர்வீஸ். மகள் தேவிபிரியா பத்தாம் வகுப்பு எழுதப்போகிறாள். இரண்டு பக்கத்துக்கே ஷிப்டு முடியும்போது உள்ளங்கால் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிகிறது. நான்கு பக்கம் நடந்துவிடுவேன், அதை எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடுவேன். பரிசோதனையை எப்படித் தாண்டுவது?

நாற்பது வயதுக்காரர்களைத் தள்ளிவிட்டால் யாருக்கு லாபம்? சௌந்தரபாண்டியனுக்கு முப்பத்தொன்று.

17-3-87, செவ்வாய்

பன்னிரண்டு நாள் கழித்து நேற்றுதான் குழாயில் தண்ணீர் வந்தது. குடிக்க என்று மூன்று குடம் எடுத்து வைத்தோம். இன்று சாயங்காலம் பார்த்தால் ஒரு குடம் காலி, இன்னொன்றில் பாதி. நான் ஷிப்டில் இருந்தேன், மகள் பள்ளிக்கூடத்தில். கேட்டால் ராமலட்சுமி, வெயிலுக்குத் தாகமாக இருந்தது, நான்தான் குடித்தேன் என்கிறாள். ஒன்றரைக் குடம் குடிக்க அவள் மனுஷியா மாடா? பின்வீட்டு ஜக்கம்மாளுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

தண்ணீர் போனால் போகட்டும். தண்ணீரோடு என்ன பேச்சுப் போனது? அதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

20-3-87, வெள்ளி

காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, கம்பங்கூழ் ஆறுவதற்குள் சங்கு ஊதிவிட்டது என்று அப்படியே ஓடினேன். பத்து மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. இழை இரண்டாகத் தெரிகிறது, வேர்வை கொட்டுகிறது. மிஷின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சௌந்தரபாண்டியன் மடியிலிருந்து கடலைமிட்டாய் எடுத்து என் வாயில் திணித்தான். "மெல்லுங்கண்ணே, பேசாதீக" என்றான். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

சரியானதும்தான் உறைத்தது. மயங்குகிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், சோடா கொடுப்பார்கள். இவன் ஏன் இனிப்புக் கொடுத்தான்? இனிப்புக் கேட்கிற மயக்கம் என்று இவனுக்கு யார் சொன்னது? மடியில் தயாராக வேறு வைத்திருக்கிறான்.

22-3-87, ஞாயிறு

கொல்லைப்புறத்தில் நாங்கள் ஒதுங்குகிற மூலையில் எறும்பு. சாரை சாரையாக. ஜக்கம்மாள் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தால் போதும், இந்த வீட்டில் யாருக்கோ சர்க்கரை என்று ஊருக்கே தமுக்கடித்துவிடுவாள். இருக்கிற தண்ணீரில் ஒரு வாளி ஊற்றிக் கழுவினேன்.

ஆனால் நான் நான்கு நாளாக அந்த மூலைக்கே போகவில்லை. இதற்குப் பயந்துதான் தெருக்கோடி முள்காட்டுக்குப் போய் வருகிறேன். பிறகு எறும்பு எப்படி வந்தது? பழைய வாசனைக்கு வந்திருக்கும்.

ராமலட்சுமி விறகு பொறுக்கப் போய் வலது காலில் கருவேல முள் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். முள் ஏறியதே தெரியவில்லையாம், ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததாம். கவனம் எங்கே இருந்ததோ.

29-3-87, ஞாயிறு

ஏப்ரல் ஆறாம் தேதி பரிசோதனை. காலையில் முதல் மூத்திரத்தைப் பாட்டிலில் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, வேலைக்கு வரும்போது கொண்டுவர வேண்டுமாம். மில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கருத்தப்பாண்டி வாங்கி வைத்துச் சோதிப்பார்.

வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். யாருடையது என்று பாட்டிலுக்கு வாயா இருக்கிறது?

5-4-87, ஞாயிறு

ராமலட்சுமியிடம் சொன்னேன். நாளைக்குக் காலையில் உன்னுடையதைப் பிடித்துக் கொடு, என் பெயரை ஒட்டிக் கொண்டுபோகிறேன் என்று. அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. அவள் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "என்னுது வேண்டாங்க. எனக்கே கொஞ்ச நாளா ஒடம்பு ஒரு மாதிரி கெடக்கு. வேற யாரோடதாச்சும் பாருங்க."

வேறு யாருடையதைப் பார்ப்பது? பரீட்சைக்குப் படிக்கிற பெண் பிள்ளையிடம் போய் இதைக் கேட்க முடியுமா? ஜக்கம்மாளிடம் கேட்கலாமா? கட்டினவனுக்கு இந்தச் சின்ன உதவி செய்ய என்ன தயக்கம்? ஏற்கெனவே வெளியே சொல்லிவிட்டாள், இப்போது பிடிபடுவோம் என்று பயப்படுகிறாள். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சத்தம் போட்டேன். சரி என்றாள்.

6-4-87

கொடுத்தாயிற்று. கருத்தப்பாண்டி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஏன் பார்த்தார்?

13-4-87, திங்கள்

ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். சர்க்கரை மிக அதிகம், நான்கு பக்கம் பார்க்கத் தகுதி இல்லை.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். அது எப்படி வரும்? அது என்னுதே இல்லையே! வாய்வரை வந்ததை விழுங்கினேன். சொன்னால் ஏமாற்றியதற்கே வேலை போய்விடும்.

14-4-87

வருடப் பிறப்பு. வடை, பாயசம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ராமலட்சுமியும் சாப்பிடவில்லையாம். யார் இவளைப் பட்டினி கிடக்கச் சொன்னது? ரவிக்கை தோளில் நிற்கமாட்டேன் என்கிறது. ஏதோ விரதம். கோவிலில் யாரிடம் என்ன வேண்டிக்கொள்கிறாளோ, பூசாரி காதிலும் விழுந்திருக்கும்.

15-4-87, புதன்

யோசித்துப் பார்த்துவிட்டேன். சுத்தமான பாட்டிலில் சர்க்கரை வந்திருக்கிறது. ஒன்று, கருத்தப்பாண்டி பாட்டிலை மாற்றியிருக்க வேண்டும். இல்லை, பார்க்காமலே எழுதியிருக்க வேண்டும். பார்க்காமல் சரியாக எனக்கு மட்டும் சர்க்கரை என்று எப்படி எழுதுவார்? சொல்லிக்கொடுத்தவன் இருக்கிறான். சௌந்தரபாண்டியனும் கருத்தப்பாண்டியும் மல்லாங்கிணற்றுக்காரர்கள். ஒரே பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறார்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

யூனியன் செயலாளர் ராஜகுருவிடம் போனேன். கம்பவுண்டர் பொய் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார் என்று மனு எழுதிக் கொடுத்தேன். அவர் என்னை நேராகப் பார்த்து, "உமக்குச் சர்க்கரை இல்லைதானே?" என்று கேட்டார். "அந்தப் பாட்டில்ல சர்க்கரை இருக்க வழியே இல்லைங்க" என்றேன். பொய் சொல்லவில்லை பாருங்கள், வார்த்தைக்கு வார்த்தை உண்மை. மனுவில் இன்னும் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு பக்கத்தின் மேல் எல்லோருக்கும் ஆத்திரம் இருக்கிறதே.

18-4-87

கருத்தப்பாண்டியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி விசாரணை. மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

20-4-87, திங்கள்

சாயங்காலம் கருத்தப்பாண்டி வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வராமல் வாசலில் நின்றார். "அண்ணாச்சி, பதினாறு வருசமா இந்த வேலை பாக்கேன். உங்க பேரு ஒட்டுன பாட்டில்தான் அது. ரெண்டு தடவ கொதிக்க வச்சுப் பாத்தேன், ரெண்டு தடவையும் செங்கல் நெறம், அவ்வளவு சர்க்கரை. என் மேல உங்களுக்கு என்ன கோவம்?" என்றார்.

அவர் கண் கலங்கின மாதிரி இருந்தது. யூனியன் மிரட்டினால் யாருக்கும் கண் கலங்கும். ராமலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "அந்தாளு பொய் சொல்ற மாதிரி தெரியலங்க" என்றாள். அப்படியானால் நான் பொய் சொல்கிறேனா? கம்பவுண்டர் பக்கம் இவளுக்கு என்ன பரிவு?

23-4-87, வியாழன்

அவள் கால் இன்னும் ஆறவில்லை. ஒரு மாதம் ஆகிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துத் துணி சுற்றியிருக்கிறாள். பக்கத்தில் போனால் ஒரு வாடை. நூல் சுற்றுகிற ராட்டை முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறாள். கூலிக்கு வாங்கி வந்த நூல் அப்படியே கிடக்கிறது. மணிக்கொரு தடவை கொல்லைப்பக்கம் எழுந்து போகிறாள். ஜக்கம்மாளோடு அப்படி என்ன ரகசியம் என்று இன்று பின்னாலேயே போய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். பேச்சே இல்லை. என்னைப் பார்த்துவிட்டிருப்பாள்.

26-4-87, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ராமலட்சுமியிடம் மறுபடி ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு திருச்சுழி போனேன். புதன்கிழமை விசாரணை. அதற்கு முன்னால் வெளி டாக்டரிடம், சர்க்கரை இல்லை என்று ஒரு தாள் எழுதி வாங்கிக் காட்டிவிட்டால் கருத்தப்பாண்டி ஒழிந்தார் என்று கணக்குப் போட்டிருந்தேன். சோதனையை என் கண் முன்னால் செய்யுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். சரி என்று நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார்.

நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. நான் போதும் சார் என்றேன். அவர் நிறுத்தவில்லை. மஞ்சள் போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த டாக்டருக்கும் ஆள் விட்டுவிட்டார்கள் என்று தோன்றியது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் எங்கள் அப்பா நூலுக்குச் சாயம் போட்டவர். சாயத் தொட்டிப் பக்கத்தில் வளர்ந்தவன் நான். நிறம் மாறுவதை இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு யாரைச் சந்தேகப்படுவது?

"மாத்திரை போடுறியா இல்லையாப்பா?" என்று டாக்டர் கோபித்தார். "இது என்னுது இல்ல சார். வீட்ல உள்ளவளோடது" என்றேன். அவர் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா என்று கேட்டார். ஆமாம், ஒன்றரைக் குடம் என்றேன். அடிக்கடி ஒன்றுக்குப் போகிறாளா? மணிக்கொரு தடவை. இளைத்திருக்கிறாளா? ரவிக்கை நிற்கவில்லை. அசதி? உட்கார்ந்தே தூங்குகிறாள். காலில் புண் ஏதாவது? முள், மார்ச் இருபத்திரண்டாம் தேதி, வலது கால் என்றேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "தேதி வரைக்கும் சொல்றியே, எப்படிப்பா?"

"கவனிச்சேன் சார்."

"கவனிச்சிட்டு என்ன பண்ணுனே?"

நான் என்ன செய்தேன்? டைரியில் எழுதி வைத்தேன். சந்தேகப்பட்டேன். அவளே வாயைத் திறந்து ஒடம்பு ஒரு மாதிரி கெடக்குன்னு சொன்னா. சத்தம் போட்டு அடக்கினேன். அய்யோ, ஒரு பொம்பள தாகத்துக்குத் தண்ணி குடிச்சதுக்கு நான் சுவரு மறைவுல நின்னு ஒட்டுக் கேட்டிருக்கேனே.

பஸ்ஸில் திருநீறு பூசிக்கொள்ளவில்லை.

27-4-87, திங்கள்

லீவு போட்டு அவளை இ.எஸ்.ஐ. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாளை மறுநாள் படுக்கை கிடைக்குமாம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணையில் நான் வாயைத் திறக்காவிட்டால் ரிப்போர்ட் பொய் என்று ஆகி என் வேலை தப்பலாம், கருத்தப்பாண்டி வேலை போகும். திறந்தால் என் வேலை போகும். மதுரைச் செலவு, தேவிபிரியா படிப்பு எல்லாம் இருக்கிறது. என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவளிடம் நான் யோசனை கேட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் புண்காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டாள்.

"அந்தாளு வீட்லயும் புள்ளைக இருக்கும்ல" என்றாள்.

28-4-87, செவ்வாய்

மதுரை பஸ் ஏறினால் விசாரணைக்கு இருக்கமாட்டேன் என்பதால் இன்றே போய்ச் சொல்லிவிட்டேன். ராஜகுருவிடம் முதலில். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "உம்ம பேச்சைக் கேட்டு ஏழு பேரு கையெழுத்துப் போட்டானுக" என்றார். பிறகு அவரே என்னோடு மேனேஜர் அறைக்கு வந்தார். அந்தப் பாட்டில் என்னுடையது இல்லை, என் மனைவியுடையது, எனக்கும் இரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் இரண்டு முறை படித்தார். கருத்தப்பாண்டிக்கு ஆள் அனுப்பினார். எனக்குப் பிறகு சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்.

வெளியே சௌந்தரபாண்டியன் நின்றான். அவனிடமும் கேட்டுவிட்டேன், என்னைப் பற்றி யாரிடம் என்ன சொன்னாய் என்று.

"எங்கய்யாவுக்கும் இதே சீக்குதாண்ணே. அவுகளுக்கு வாங்குன மிட்டாய்தான் அன்னைக்கு மடியில இருந்தது. நான் எதுக்குச் சொல்லணும்? ஷிப்டுக்கு அஞ்சு தடவ வில்லைய மாட்டிக்கிட்டுப் போறீக. மில்லுக்கே தெரியும்ணே."

தங்கசாமி மேஸ்திரிக்கு ஒரு வருடமாகத் தெரியுமாம். நான் வருகிற ஷிப்டில் ஒரு வில்லையை எனக்கென்றே விட்டுவைக்கும்படி மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாராம். நம்பலாமா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன். நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது. பழக்கம் லேசில் போகாது.

5-5-87, மதுரை

அவள் வலது காலில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பாதம் என்றார்கள். அவள் அழவில்லை. நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

1-6-87, திங்கள்

இன்று முதல் நான்கு பக்கம். எனக்கு இல்லை. ராஜகுரு மன்றாடி, வேலையை விட்டு நீக்காமல் கழிவுப் பஞ்சு அறைக்கு மாற்ற வைத்தார். கிரேடு இறங்கிவிட்டது. பத்தொன்பது வருடம் ஸ்பின்னிங் மிஷின் பார்த்த சைடர் இனிமேல் பஞ்சு கூட்டி மூட்டை கட்டுகிறவன். காலை எட்டு மணி முதல் நாலரை வரை ஒரே ஷிப்டு.

கருத்தப்பாண்டி எதிரில் வந்தார். கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை. அது அவர் உரிமை.

14-6-87, ஞாயிறு

மாத்திரை போட்ட அரை மணிக்குள் ராமலட்சுமி சாப்பிட்டாக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. எனக்கும் அதே உத்தரவுதான். ஆனால் நான் சாப்பிட்டு எழுந்து, மகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் அடுப்படியில் உட்காருவது வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். இன்று நான் இரண்டு தட்டைப் போட்டுவிட்டு, நீ உட்காராவிட்டால் நானும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கட்டுப் போட்ட காலை நீட்டி, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள்.

கத்தரிக்காயைத் தட்டு ஓரமாக ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தாள். ஏன் என்று கேட்டேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கத்தரிக்காய் பிடிக்காதாம். எனக்குப் பிடிக்கும் என்று வாரத்தில் நான்கு நாள் வைக்கிறாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவள் சாப்பிடுவதை இன்றைக்குத்தான் பார்த்தேன்.